"எத்தனை நிமிடத்தில் வந்தது?": ஒவ்வாமை கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "எனக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை?" என்றுதான் கேட்கின்றன. நாங்கள் திருப்பிக் கேட்க வேண்டியிருப்பது வேறு: சாப்பிட்டோ பூசியோ கொட்டுப்பட்டோ எத்தனை நிமிடத்தில் தொடங்கியது, எத்தனை மணி நேரத்தில் அடங்கியது? கடிதம் எழுதும்போது இந்த இரண்டையும் தயவுசெய்து குறிப்பிடுங்கள். பாதி நோயறிதல் அதிலேயே இருக்கிறது.

எனக்கு வயது 36. சின்ன வயதிலிருந்தே இறால் சாப்பிடுகிறேன். போன மாதம் இறால் தொக்கு சாப்பிட்ட இருபதாவது நிமிடம் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. செட்ரிசின் போட்டதும் இரண்டு மணி நேரத்தில் அடங்கியது. இத்தனை வருடம் ஒத்துக்கொண்டது இப்போது ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? மீனையும் விட வேண்டுமா?
- வாசகி, நாகப்பட்டினம்

இறால் ஒவ்வாமை பெரியவர்களுக்குப் புதிதாக வருவது சகஜம். ஒவ்வாமைக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டம் வெளியே தெரியவே தெரியாது. இறாலின் தசையில் டிரோபோமயோசின் என்ற புரதம் இருக்கிறது. உடம்பு ஏதோ ஒரு காலகட்டத்தில் அதை எதிரி என்று தப்பாகப் புரிந்துகொண்டு, அதற்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தைச் செய்யத் தொடங்குகிறது. இந்த ஐஜிஇ தோல், மூக்கு, குடல், மூச்சுக்குழாய் ஆகிய இடங்களில் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை இறால் உள்ளே போகும்போது அந்தப் புரதம் பக்கத்துப் பக்கத்து ஐஜிஇக்களில் சிக்கி அவற்றைப் பிணைக்கிறது. உடனே மாஸ்ட் செல் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் ஹிஸ்டமினைக் கொட்டிவிடுகிறது. ஹிஸ்டமின் நுண்ணிய ரத்தக் குழாய்களை விரித்துக் கசிய வைக்கும். தோலில் கசிந்தால் தடிப்பு, உதட்டில் கசிந்தால் வீக்கம், உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் கசிந்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

இது முதன்முதலில் தெரியவந்ததும் ஒரு கடல் உயிரியால்தான். பாரிசில் சார்ல்ஸ் ரிஷே, போல் போர்ட்டியே இருவரும் 1902-ல் கடல் அனிமோனியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் ஊசியைத் தாங்கிக்கொண்ட நாய், சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவு கொடுத்ததும் நிமிடக் கணக்கில் சரிந்து இறந்தது. அவர்கள் அதற்கு வைத்த பெயர்தான் அனபிலாக்சிஸ்; 1913-ல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. "போன தடவை ஒன்றும் செய்யவில்லையே" என்பது ஏன் பாதுகாப்பு ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உங்களுக்கு நடந்ததை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று தோலோடு நின்றது, அடுத்த முறை மூச்சுக்குப் போகலாம். வலி மாத்திரை, மது, காய்ச்சல், சாப்பிட்டதும் ஓட்டம் அல்லது கடும் வேலை, இவை இருந்தால் ஒவ்வாமை எளிதில் கிளம்பிவிடும். அன்று இவற்றில் எதுவும் இருந்ததா என்று யோசித்து டாக்டரிடம் சொல்லுங்கள். கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்க்கலாமே என்று வீட்டில் சோதிக்க வேண்டாம்.

டிரோபோமயோசின் கொதித்தாலும் வறுத்தாலும் அழிவதில்லை. அதனால் நண்டு, சிங்கி இறால், சாம்பாரிலும் துவையலிலும் போடுகிற சென்னாக்கூனி எல்லாமே விலக்க வேண்டியவைதான். சிலருக்கு இறால் வேகும் ஆவியே போதும். கணவாயும் மட்டியும் தனியாகச் சோதித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. மீன் கதை வேறு: மீன் ஒவ்வாமைக்குக் காரணம் பார்வால்புமின் என்ற இன்னொரு புரதம். இதுவரை மீன் உங்களுக்கு ஒத்துக்கொண்டிருந்தால் விட வேண்டியதில்லை. ஆனால் இறால் பொரித்த எண்ணெயிலேயே மீனைப் பொரித்துக் கொடுக்கும் கடைகளில் சாப்பிடாதீர்கள். ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்து ஆகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடல் உணவு ஒவ்வாமை புரதத்தால் வருவது, அயோடினால் அல்ல.

சூரை மீன் புட்டு சாப்பிட்டு அரை மணிக்குள் நாங்கள் மூன்று பேரும் முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு என்று ஆகிவிட்டோம். மூவருக்கும் மீன் அலர்ஜியா?
- வாசகர், தூத்துக்குடி

ஒரே பாத்திரத்தில் சாப்பிட்ட மூவருக்கும் ஒரே நேரத்தில் வந்திருப்பதே பதிலைச் சொல்லிவிடுகிறது. இது உங்கள் உடம்பின் ஒவ்வாமை இல்லை, மீனில் ஏற்கெனவே உருவாகியிருந்த ஹிஸ்டமின். சூரை, அயிலை, சாளை, சீலா போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்ததிலிருந்து ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். மீன் கெட்ட வாடை அடிக்க வேண்டும் என்றும் இல்லை. சில சமயம் நாக்கில் மிளகு போல ஒரு காரம் மட்டும் தெரியும். ஒரு தடவை உருவான ஹிஸ்டமின் வேகவைத்தாலும் போகாது, கருவாடாக்கினாலும் போகாது. செட்ரிசின் போன்ற மாத்திரைக்குக் கேட்கும். பெரும்பாலும் சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். மூச்சுத் திணறல், மயக்கம் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நல்ல ஐசில் வந்த அதே மீனை மூவரும் தாராளமாகச் சாப்பிடலாம்.

கிராமப் பள்ளியில் ஆசிரியை. மைதானத்தில் கதண்டு கொட்டி ஒரு மாணவன் பத்து நிமிடத்தில் மூச்சிரைத்து மயங்கினான். காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். இனி இப்படி நடந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? "அவில் ஊசி" போட்டால் போதுமா?
- ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

போதாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் உயிர் போவது இந்த இடத்தில்தான்.

கொட்டிய இடம் மட்டும் வீங்கி வலித்தால் அது விஷத்தின் வேலை. ஐஸ் ஒத்தடம் போதும். கொட்டாத இடத்திலும் தடிப்பு, அதோடு மூச்சிரைப்பு, குரல் கம்மல், தொண்டை அடைப்பு, தொடர்ந்த வாந்தி, கண் இருட்டல் இவற்றில் ஒன்று, இப்படி வந்தால் அனபிலாக்சிஸ். தடிப்பே இல்லாமல் நேரே மயக்கத்திலும் போகலாம்.

இதற்கு முதல் மருந்து ஒன்றுதான்: அட்ரினலின். ஹிஸ்டமின் விரித்த ரத்தக் குழாயைச் சுருக்கி, மூச்சுக்குழாயைத் திறந்து, மாஸ்ட் செல் மேற்கொண்டு கொட்டாமல் தடுப்பது அது மட்டுமே. அவில் ஊசி அரிப்பைக் குறைக்கும். சரிந்த ரத்த அழுத்தத்தைத் தூக்காது, அடைத்த மூச்சைத் திறக்காது. ஸ்டீராய்டு ஊசி வேலை செய்யவே மணிக்கணக்கு ஆகும். இவை இரண்டையும் போட்டுவிட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்கும் நேரத்தில் பிள்ளையின் நிலை கைமீறிப் போய்விடும்.

அளவு: கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம். ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் இருக்கும் ஆம்ப்யூலில் (சிறு கண்ணாடிக் குப்பி) 25 கிலோ பிள்ளைக்கு 0.25 மில்லி, பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5 மில்லி. போட வேண்டிய இடம் தொடையின் நடுப்பகுதி, வெளிப்பக்கத் தசை. கையிலோ தோலுக்கு அடியிலோ போட்டால் மருந்து ரத்தத்தில் சேரத் தாமதமாகும். கேட்கவில்லை என்றால் 5 நிமிடம் கழித்து இன்னொன்று. வெளிநாடுகளில் தொடையில் வைத்து அழுத்தினாலே ஏறும் தானியங்கி ஊசி இருக்கிறது. நம் ஊர் மருந்துக் கடைகளில் அது எளிதாகக் கிடைப்பதில்லை. அதனால் ஆபத்து தெரிந்த குடும்பத்துக்கு ஆம்ப்யூலும் ஒரு மில்லி சிரிஞ்சும் எழுதிக் கொடுத்து, தண்ணீரை வைத்துக் கையால் பழக்கிவிடும்படி டாக்டரைக் கேட்க வேண்டும். இன்சுலின் சிரிஞ்ச் வேண்டாம்: அதன் ஊசி தசை வரை எட்டாது, அதில் போட்டிருக்கும் யூனிட் கோடுகள் அவசரத்தில் கணக்கைக் குழப்பும். மருந்து நிறமற்றுத் தெளிவாக இருக்க வேண்டும்; இளஞ்சிவப்போ பழுப்போ தட்டினால் தூக்கிப் போடுங்கள். சட்டைப்பையில், பைக் பெட்டியில் வெயில்படும்படி வைக்காதீர்கள்.

பயிற்சி இல்லாத ஆசிரியர்கள் செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. 108-ஐ அழைக்கும்போதே "கதண்டு கொட்டி மூச்சுத் திணறுகிறது" என்று சொல்லுங்கள். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்துக் காலுக்கு அடியில் பையை வைத்து உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்கார வைக்கலாம். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தெளிந்துவிட்டான் என்று எழுப்பி நடக்கவிடாதீர்கள். ரத்தம் காலில் தேங்கியிருக்கும்போது திடீரென்று நிமிர்ந்தால் இதயத்துக்கு ரத்தம் வந்து சேராமல் அந்த இடத்திலேயே உயிர் போகலாம். ஆம்புலன்சுக்குக்கூடப் படுத்தபடியேதான் தூக்கிப் போக வேண்டும். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்க வேண்டாம்.

சரியான பிறகும் ஆஸ்பத்திரியில் சில மணி நேரமாவது வைத்துப் பார்ப்பார்கள். கொட்டுப்படாமலேயே இரண்டாவது அலை வருவது உண்டு. "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று அழைத்து வந்துவிடாதீர்கள். அறிகுறி தொடங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் டிரிப்டேஸ் என்ற ரத்தப் பரிசோதனைக்கு எடுத்தால், வந்தது அனபிலாக்சிஸ்தானா என்பதற்கு நல்ல சான்று கிடைக்கும். அந்த மாணவனை அவசியம் ஒவ்வாமை நிபுணரிடம் காட்டச் சொல்லுங்கள்.

ஆறு வயது மகளுக்குத் தோல் அரிப்பு. லேபில் 200 உணவுக்கு மேல் ரத்தத்தில் பார்த்துப் பால், கோதுமை, கத்தரிக்காய், பருப்பு உட்பட 31 உணவு ஆகாது என்று கலர் கலராக ரிப்போர்ட் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். எடை குறைகிறது.
- தாய், சேலம்

முதலில் ரிப்போர்ட்டில் ஐஜிஜி என்று போட்டிருக்கிறதா, ஐஜிஇ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நூற்றுக்கணக்கான உணவைப் பார்க்கும் பட்டியல்கள் பெரும்பாலும் ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்புரதத்தை அளப்பவை. அது ஒவ்வாமையைக் காட்டுவதில்லை. அந்த உணவைக் குழந்தை சாப்பிட்டுப் பழகியிருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. அடிக்கடி கொடுத்தவையே பட்டியலில் மேலே வந்திருக்கும், கவனித்துப் பாருங்கள். அப்படியானால் அந்தப் பட்டியலை மறந்துவிடலாம்.

ஐஜிஇ என்றாலும் அந்த எண் மட்டும் நோய் ஆகாது. 0.35-க்கு மேல் போனால் "பாசிட்டிவ்" என்று அச்சாகும். ஆனால் பாசிட்டிவ் வந்தும் அந்த உணவைத் தினம் சாப்பிட்டுச் சுகமாக இருப்பவர்கள் ஏராளம். மொத்த ஐஜிஇ என்று ஒரு எண் கொடுத்திருந்தால் அதை வைத்தும் பயப்பட வேண்டாம். வயிற்றில் பூச்சி இருந்தாலே அது ஏறும்.

எந்த உணவைக் கொடுத்து இரண்டு மணி நேரத்துக்குள், ஒவ்வொரு முறையும், தடிப்போ வாந்தியோ வந்தது? அப்படி எதுவும் இல்லை என்றால் நிறுத்த வேண்டிய உணவும் அநேகமாக இல்லை. எக்சிமா என்ற அரிக்கும் தோல் அழற்சியாக இருந்தால் அதற்கு உணவை நிறுத்துவதைவிடத் தோலுக்கு ஈரப்பதக் களிம்பை நாளுக்கு இரண்டு மூன்று வேளை தாராளமாகத் தடவுவது பலன் தரும். நிறுத்தியவற்றைத் திரும்பத் தொடங்குவதைக் குழந்தை டாக்டரோடு பேசிச் செய்யுங்கள். நீண்ட நாள் நிறுத்திய பாலையும் கோதுமையையும் எக்சிமா உள்ள குழந்தைக்குத் திடீரென்று கொடுக்கும்போது சில சமயம் உண்மையான ஒவ்வாமையே முளைத்திருக்கும்.

சந்தேகப்படும் உணவு ஒன்றிரண்டு இருந்தால் தோல் குத்துப் பரிசோதனை செய்யலாம். முன்கையில் பேனாவால் குறியிட்டு, ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் ஒரு சொட்டுச் சாறு வைப்பார்கள். சொட்டின் நடுவே சின்ன முள் போன்ற லான்செட்டால் ரத்தம் வராத அளவுக்கு ஒரு குத்து. கூடவே இரண்டு ஒப்பீட்டுச் சொட்டுகள்: ஒன்று ஹிஸ்டமின், அது கட்டாயம் தடிக்க வேண்டும், மற்றது வெறும் உப்புநீர், அது தடிக்கக் கூடாது. 15 முதல் 20 நிமிடத்தில் அளவுகோலை வைத்து அளப்பார்கள். உப்புநீரைவிட 3 மில்லிமீட்டராவது கூடுதலாகத் தடித்தால்தான் பாசிட்டிவ். ஹிஸ்டமின் சொட்டே தடிக்கவில்லை என்றால் அன்றைய பரிசோதனை செல்லாது. அதற்கு வழக்கமான காரணம் யாரும் கணக்கில் எடுக்காத சளி சிரப். அதில் ஹிஸ்டமினைத் தடுக்கும் குளோர்பெனிரமின் இருக்கும். அலர்ஜி மாத்திரை, சளி சிரப் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இதற்குப் பிறகும் குழப்பம் இருந்தால், ஆஸ்பத்திரியில் அட்ரினலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உணவைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுத்துப் பார்ப்பதே கடைசித் தீர்ப்பு.

மூன்று மாதமாகத் தினமும் சாயங்காலம் காணாக்கடி. கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாம் விட்டும் நிற்கவில்லை.
- வாசகர், மதுரை

ஆறு வாரம் தாண்டிய காணாக்கடிக்கு உணவு காரணமாக இருப்பது அபூர்வம். விட்ட உணவையெல்லாம் திரும்பச் சாப்பிடுங்கள். பெரும்பாலும் உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பே மாஸ்ட் செல்லைத் தூண்டிக்கொண்டிருக்கும். அதே அமைப்பு தைராய்டையும் தாக்கியிருக்கலாம் என்பதால் தைராய்டைப் பார்ப்பது வழக்கம்.

ஒரு வேலை செய்யுங்கள். புதிதாக எழும்பும் ஒரு தடிப்பைச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் வட்டம் போட்டு, மணியைப் பக்கத்தில் எழுதுங்கள். 24 மணி நேரத்துக்குள் வட்டத்துக்குள் தோல் பழையபடி ஆகிவிட்டால் இது சாதாரணக் காணாக்கடி. அதே இடத்தில் நின்று, வலித்து, கன்றிய தழும்பு விட்டால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம்; தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அரித்த பிறகு மாத்திரை தேடுவதுதான் பலர் செய்யும் தவறு. செட்ரிசின் 10 மில்லிகிராம் அல்லது லெவோசெட்ரிசின் 5 மில்லிகிராம், அரித்தாலும் அரிக்காவிட்டாலும் தினம் ஒன்று. இரண்டு வாரத்தில் கேட்கவில்லை என்றால் டாக்டர் அதே மருந்தை நான்கு மடங்கு வரை கூட்டுவார். அதற்கும் அடங்காதவர்களுக்கு ஐஜிஇயையே பிடித்து வைக்கும் ஒமாலிசுமாப் ஊசி இருக்கிறது. ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் காணாக்கடியைக் கிளறும். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

காலையில் எழுந்ததும் இருபது தும்மல், மூக்கடைப்பு. ஸ்பிரே போட்டுப் பார்த்தேன், பலன் இல்லை, மூக்கில் ரத்தம்தான் வந்தது. இரண்டு வருடமாக மான்டெலுகாஸ்ட் கலந்த மாத்திரை போடுகிறேன்.
- வாசகி, கோயம்புத்தூர்

படுக்கையை விட்டு எழும்போது தும்மல் என்றால் முதல் சந்தேகம் மெத்தையில் வாழும் தூசிப் பேன் மேல்தான். கண்ணுக்குத் தெரியாத, மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத பூச்சி. நம் தோலிலிருந்து உதிர்வதைத் தின்று, காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாழ்கிறது. ஒவ்வாமை தருவது முக்கியமாக அதன் எச்சம். வெயிலில் காய வைத்தால் பேன் சாகலாம், எச்சம் அப்படியே இருக்கும். உறை, போர்வை, தலையணை உறையை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். பழைய இலவம்பஞ்சு மெத்தையை மாற்றுங்கள். முடியாவிட்டால் ஜிப் வைத்த நெருக்கமான நெசவு உறையால் முழுவதும் மூடுங்கள். மெத்தையைத் தட்டுவது, பெருக்குவது வீட்டில் வேறு யாராவது செய்யட்டும்.

ஸ்பிரே பலன் தராததற்கும் ரத்தம் வந்ததற்கும் காரணம் அநேகமாகப் போடும் விதம். வலது கையால் இடது மூக்குக்கு, இடது கையால் வலது மூக்குக்கு. அப்போதுதான் முனை தானாகவே வெளிப்புறம், அந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் சாயும். நடுச்சுவரில் அடித்தால் அது புண்ணாகி ரத்தம் வரும். தலையை லேசாகக் குனிந்து, அழுத்தும்போது மெல்ல மூச்சை இழுங்கள். வேகமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். புளுடிகாசோன், மொமெட்டாசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரே முழுப் பலன் தர இரண்டு வாரம் ஆகும், தினமும் போட வேண்டும். உடனே திறக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு வேறு. அதை ஐந்து நாளுக்கு மேல் போட்டால் மருந்தே மூக்கை அடைக்கும்.

மான்டெலுகாஸ்டை மூக்கு அலர்ஜிக்கு முதல் மருந்தாக வைத்துக்கொள்ள வேண்டாம். தூக்கக் கெடுதி, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் கட்டம் போட்ட எச்சரிக்கை விட்டிருக்கிறது. ஸ்பிரே சரியாகப் போடத் தொடங்கியதும் அதைத் தொடர வேண்டுமா என்று கேளுங்கள். ஆஸ்துமா இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இத்தனைக்கும் அடங்காமல், பரிசோதனையிலும் பேன் உறுதியானால் இம்யூனோதெரபி உண்டு. அதே பேன் சாற்றை மிகச் சிறிய அளவில் தொடங்கிக் கூட்டிக் கூட்டி உடம்பைப் பழக்குவது. லண்டனில் லெனார்ட் நூன் 1911-ல் புல் மகரந்தத்தை வைத்துத் தொடங்கிய வழி. 3 முதல் 5 வருடம் ஆகும். ஊசி போட்ட ஒவ்வொரு முறையும் அங்கேயே அரை மணி நேரம் உட்கார வேண்டும். போட்டவுடன் அனுப்பிவிடும் இடமென்றால் போகாதீர்கள்.

தலைக்கு டை போட்டு இரண்டாம் நாள்தான் நெற்றியும் கண்ணிமையும் வீங்கியது. டையாகவா இருக்கும்?
- வாசகர், வேலூர்

டையேதான். இது ஐஜிஇ அல்ல, டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் நடத்தும் தாமத ஒவ்வாமை. 24 முதல் 72 மணி நேரம் கழித்து வரும். காரணம் டையில் உள்ள பிபிடி என்ற ரசாயனம். "கருப்பு மருதாணி" என்று விற்பதிலும் அதைக் கலப்பார்கள். அரைத்த மருதாணி இலையில் அது இல்லை. இதற்குக் குத்துப் பரிசோதனை உதவாது, பேட்ச் டெஸ்ட் வேண்டும். முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் நனைக்காமல் வைத்து எடுத்துப் பார்த்து, 96-வது மணியில் மறுபடி பார்ப்பார்கள். பாசிட்டிவ் என்றால் பிராண்டை மாற்றிப் பயனில்லை, பிபிடி இல்லாததைத் தேட வேண்டும். கவரிங் நகையில் உள்ள நிக்கலால் காதில் வரும் புண்ணும் இதே வகை.

சிறு வயதில் பென்சிலின் ஆகாது என்று சொன்னார்களாம். இப்போது எனக்கு 50. இன்னமும் தவிர்க்க வேண்டுமா?
- வாசகர், திருச்சி

நீங்களாகச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம், ஆனால் அந்த முத்திரையை ஆயுளுக்கும் சுமக்கவும் வேண்டாம். பென்சிலின் ஆகாது என்று குறிக்கப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு ஒவ்வாமை இருப்பதில்லை. பலருக்கு அன்று வந்தது காய்ச்சலோடு வந்த வைரஸ் தடிப்பு. உண்மையிலேயே இருந்த ஒவ்வாமையும் வருடக் கணக்கில் தொடாமல் இருந்தால் பெரும்பாலும் மங்கிவிடும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள்: எந்த மருந்து, மாத்திரையா ஊசியா, கொடுத்து எத்தனை நிமிடத்தில் அல்லது எத்தனையாவது நாளில் வந்தது, தோல் உரிந்ததா, வாயில் புண் வந்ததா. தோல் உரிந்து வாய் புண்ணாகியிருந்தால் சோதனையே கூடாது, அந்த மருந்து முற்றாக விலக்கு. மற்றபடி இந்த விவரங்களை எழுதி எடுத்துக்கொண்டு நிபுணரிடம் போனால், ஊசிப் பரிசோதனை செய்து, பிறகு கண்காணிப்பில் ஒரு வேளை மருந்து கொடுத்துப் பார்த்து முடிவு சொல்வார்.